ஆனிக் காற்றில் நின்ற காற்றாலையும் இரண்டு மனுக்களும்

2025 ஆனி மாதம். பணகுடிப் பக்கம் மேல்காற்று ஆளையே தள்ளுகிறது, பனை ஓலை கிழிய அடிக்கிறது. சித்தப்பாவின் பழைய 225 கிலோவாட் காற்றாலை மட்டும் இறக்கை அசையாமல் நிற்கிறது. துணைமின் நிலையத்திலிருந்து நிறுத்தச் சொல்லி போன் வந்ததாம். வைகாசி முதல் புரட்டாசி வரை ஓடுவதுதான் வருஷத்துக்கும் வருமானம். "ஏல, நீ படிச்சவன்லா, என்னன்னு எழுதிக் கேளு" என்றார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டேன். எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், எதற்காக நிறுத்தினீர்கள் என்று மாநில மின் அலுவலகம் ஒன்றுக்கு. பக்கத்துக் கூடங்குளத்து மின்சாரத்துக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று மத்திய அலுவலகம் ஒன்றுக்கு. இரண்டாவது திரும்பி வந்தது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரில் பெறுநர் பெயர் எழுதவில்லை. 'கணக்கு அலுவலர்' என்று எழுதி மறுபடி அனுப்பினேன். மனு போடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு மாசம் போயிற்று.

மத்திய பதில் சுருக்கம்: 1962 அணுசக்திச் சட்டம், 22-ஆம் பிரிவு, மத்திய அரசே விலை வைக்கும். 2003 மின்சாரச் சட்டத்தைப் புரட்டினால் 173-ஆம் பிரிவில், அணுசக்திச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் இந்தச் சட்டம் செல்லாது என்றே இருந்தது. காற்றாலை விலைக்குச் சென்னையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் நாம் ஆட்சேபம் எழுதலாம். அந்த 1962 சட்டப்படி அணுமின் விலைக்கு அந்த வாசல் கிடையாது. உலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு இது நியாயமே இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 'சாந்தி' என்ற புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது; அந்த 1962 சட்டத்தை எடுப்பதும் அதில் இருக்கிறது. புதியதை இப்போதுதான் வரி வரியாகப் படிக்கிறேன்.

மாநில பதில் 29-ஆம் நாள் வந்தது. இரண்டு பக்கம், எல்லா வரியிலும் ஒரே காரணம்: 'மின்கட்டமைப்புப் பாதுகாப்பு', அதாவது மின்கம்பி வலை கெட்டுவிடாமல் காப்பது. 2021 அக்டோபரில் மத்திய அரசு போட்ட விதிப்படி, விலையைக் காரணம் காட்டிக் காற்றாலையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஒப்பந்த விலையில் இழப்பீடு தரவேண்டும். கட்டமைப்பின் தொழில்நுட்பத் தடைக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. அந்த ஒரு சொல்லைப் போட்டால் சித்தப்பாவுக்குக் காசு இல்லை.

முதல் மேல்முறையீட்டில் துணைமின் நிலைய லாக் புக் நகல் கேட்டேன். வந்தது. மற்ற நாட்களில் லைனில் எவ்வளவு லோடு என்று மணிவாரியாக இருக்கிறது. நாலு நாளுக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அந்த நாட்களில் நிறுத்தியதற்குக் காட்ட அதில் கணக்கே இல்லை; அந்த நாலு நாளை வைத்துத்தான் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு எழுதுகிறோம். நேற்று ராத்திரி சித்தப்பா மீட்டர் கார்டுகளைத் தரையில் பரப்பி, முந்தின வருஷம் அதே தேதிகளில் எத்தனை யூனிட் ஓடியது என்று கூட்டிக்கொண்டிருந்தார்.