பிரிக்கப்படாமல் திரும்பி வந்த பெட்டிகள்

இங்கிலாந்தில் தைராய்டு குறைபாட்டுக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விலக்குச் சான்றிதழ் ஒன்று உண்டு. அது கையில் இருந்தால் லெவோதைராக்ஸின் என்ற அந்த மாத்திரை மட்டுமல்லாமல், மருத்துவர் எழுதித் தரும் எல்லா மருந்துகளும் இலவசம். லண்டனின் வடமேற்குப் பகுதியில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநராக இருக்கும் நான், அந்த இலவச மாத்திரையை மாதந்தோறும் வாங்கி மூலையில் வைத்துவிட்டு, தாய்லாந்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் கைக்காசு போட்டு வேறு மருந்தை வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, குப்பையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

வீடுகளில் மிஞ்சும் மருந்துகளைத் திரும்பப் பெற்று அழிப்பதற்கு அனுப்புவது எங்கள் வேலைகளில் ஒன்று. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வலி மருந்து ஏதும் கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துத்தான் தொட்டியில் போட வேண்டும். அப்படி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொடுத்த பையைப் பிரித்தபோது, உறைகூடக் கிழிக்கப்படாத லெவோதைராக்ஸின் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் எங்கள் கடையின் லேபிள். பழைய பெட்டிகளில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம், பிந்தையவற்றில் 75, கடைசியில் வந்தவற்றில் 50. மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆசிரியையோ ஒரு மாத்திரையும் சாப்பிடவில்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆலோசனை அறையில் உட்கார வைத்துக் கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார். அவர் சாப்பிடுவது பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடியாக்கிச் செய்த மாத்திரை. தாய்லாந்தில் செய்தது, டப்பாவில் மொத்தமாக வருவது. ஒரு கிரெயின், அதாவது ஏறத்தாழ 60 மில்லிகிராம் பொடியில், சுமார் 38 மைக்ரோகிராம் டி-4 ஹார்மோனும் 9 மைக்ரோகிராம் டி-3 ஹார்மோனும் இருக்கும். தைராய்டு சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள் இவை. அவர் நாளுக்கு இரண்டு கிரெயின் எடுத்தார். காலை நாடித்துடிப்பு, உடல் வெப்பம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். எங்கள் பதிவேடுகளைவிட அந்த நோட்டு ஒழுங்காக இருந்தது.

இவர்களை அறியாமையில் உழல்கிறவர்கள் என்று ஒதுக்குவது எளிது. எங்கள் தொழிலில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறையில் உண்மை இருக்கிறது. லெவோதைராக்ஸின் என்பது டி-4 மட்டுமே. உடல் அதை டி-3 ஆக மாற்றிக்கொள்ளும் என்பது கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை, டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும்) அளவு சரியாக இருந்தும் களைப்பும் மந்தமும் நீங்கவில்லை என்கிறார்கள். இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், மொத்தமாகப் பார்க்கும்போது தெளிவான பலன் தெரியவில்லை என்பதும் உண்மைதான். ஆனால், "உங்கள் ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது" என்ற பதிலை ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் அந்தச் சோதனைகளை எடுத்துச் சொல்வதால் அவருடைய களைப்பு போய்விடாது.

விலங்குச் சுரப்பியில் அவர்களுக்குள்ள நம்பிக்கைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1891இல் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர், தைராய்டு குறைபாடு முற்றிய ஒரு பெண்ணுக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கை மாத்திரை பரவலாகும்வரை உலகம் முழுவதும் விலங்குச் சுரப்பிப் பொடிதான் மருந்து.

டி-3 மட்டும் உள்ள லையோதைரோனின் என்ற மாத்திரையின் கதை வேறு. அது இங்கே உரிமம் பெற்ற மருந்துதான். 2009இல் ஒரு பெட்டி 20 பவுண்டு. 2017இல் 248 பவுண்டு. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதற்குச் செலவிட்ட தொகை 2016இல் 3 கோடி பவுண்டைத் தாண்டியது. வழக்கமாக எழுதித் தரக் கூடாத மருந்துகளின் பட்டியலில் அடுத்து அது சேர்ந்தது. நன்றாக இருந்தவர்களில் பலருக்குச் சீட்டு நின்றுபோனது. 2021இல் போட்டிச் சந்தை ஆணையம், நியாயமற்ற விலை வைத்ததற்காக விற்ற நிறுவனத்துக்கும் அதன் முன்னாள் உரிமையாளர்களுக்கும் மொத்தமாக 10 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. ஆனால் சீட்டு கிடைக்காதவர்கள் அதற்குள், அதே மருந்து துருக்கியிலும் கிரீஸிலும் மெக்ஸிகோவிலும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கடத்தல்காரர்களைப் பற்றிப் பேசுவதைப் போல அவர்களைப் பற்றிப் பேசும் சக ஊழியர்களிடம் நான் இந்த விலையைத்தான் நினைவூட்டுவேன். சொந்த உபயோகத்துக்கு அளவாகத் தருவிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

அதற்காக அந்த டப்பாவை நான் ஆதரிக்கவில்லை. விலங்குச் சுரப்பி மாத்திரைக்கு இங்கே உரிமம் கிடையாது. மனிதச் சுரப்பி டி-3ஐவிட டி-4ஐ ஏறத்தாழ 14 மடங்கு சுரக்கிறது. பன்றிப் பொடியிலோ அது 4 மடங்குதான். எனவே டி-3 தேவைக்கு மேல் போய்ச் சேர்கிறது. வயதானவர்களுக்கு அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம். அமெரிக்காவிலேயே 2020இல் சில தயாரிப்புகள் வீரியம் கூடியதற்காகவும் சில குறைந்ததற்காகவும் திரும்பப் பெறப்பட்டன. வெயிலில் கிடந்து தபாலில் வரும் டப்பாவுக்கு யார் உத்தரவாதம்?

ஆனாலும் ஆசிரியையின் விஷயத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது மாத்திரை அல்ல, அது மறைக்கப்பட்டிருந்ததுதான். டி-3 மிகுதியால் அவருடைய டி.எஸ்.எச். அடிமட்டத்தில் கிடந்தது. அதைக் கண்ட மருத்துவர் லெவோதைராக்ஸின் கூடிவிட்டது என்று எண்ணி இருமுறை குறைத்தார். அப்படியும் அது அசையவில்லை. பிறகு டி-4 பார்த்தால் அதுவும் குறைவு. இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு. மூளை ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். டி-3ஐ யாரும் அளக்கவில்லை.

முதலில் மருத்துவரிடம் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. "சொன்னால் ரத்தப் பரிசோதனையையும் நிறுத்திவிடுவார்கள்" என்றார். அது வீண் பயமும் அல்ல. வெளியில் வாங்கிச் சாப்பிடுவதைச் சொன்னவர்களிடம், "அப்படியானால் உங்கள் பொறுப்பு" என்று கைகழுவிய மருத்துவர்களைப் பற்றி வேறு சிலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் இறங்கி வந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை, பிறகு, "இரண்டு கிரெயின் என்றால் எத்தனை மைக்ரோகிராம்?" என்று கேட்டார் மருத்துவர். ஸ்கேன் ரத்தானது. டி-3 அளவும் இ.சி.ஜி.யும் எடுக்கப்பட்டன. ஆசிரியை டப்பாவை விடவில்லை. ஒன்றரைக் கிரெயினாகக் குறைத்துக்கொண்டார்.

நம்மவர்களிடம் இதே பழக்கம் வேறு உருவில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் 120 மாத்திரைகள் அடங்கிய தைரோநார்ம் பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே இருப்பது அதே லெவோதைராக்ஸின்தான் என்றாலும் 62.5, 88 என்று இங்கே பழக்கமில்லாத அளவுகளில் வரும். "அங்க வாங்கினதுதான் தம்பி எனக்கு ஒத்துக்குது, இங்க குடுக்கறது நெஞ்சு படபடங்குது" என்றார் ஓர் அம்மா. விசாரித்தால், ஊர் மாத்திரையை விடிகாலையிலும் எங்கள் மாத்திரையைப் படுக்கும் முன்பும் சேர்த்தே சாப்பிட்டிருக்கிறார். எதையும் வீணாக்கக் கூடாதே! படபடப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் மாதாமாதம் வேறு வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்தால் தனக்கு மாற்றம் தெரிகிறது என்று அவர் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. அப்படிச் சொல்பவர்களுக்கு ஒரே தயாரிப்பைத் தொடர்ந்து எழுதலாம் என்று 2021இல் மருந்து ஒழுங்குமுறை முகமையே அறிவுறுத்தியிருக்கிறது. இப்போது அவருடைய சீட்டில் நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. சென்னைப் பாட்டில் வருவது நின்றுவிடவில்லை. மருமகள் கொண்டுவந்ததும் அதை என்னிடம் காட்டிவிட்டு, இரண்டில் எதைச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டு போகிறார்.