மகளுக்குக் கேட்டது, எனக்குத் தெரிந்தது

கனடாவுக்கு வந்த முதல் இரண்டு குளிர்காலமும் எனக்கு வீடும் வேலையும்தான். மூன்றாவது வருடம் ஜனவரியில், மைனஸ் 12 குளிரில், மகள் பிடிவாதமாக ரூஜ் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹெம்லொக் என்ற ஊசியிலை மரங்களுக்குக் கீழே நின்று, "அப்பா, மேல ஏதோ கத்துது, கேக்குதா?" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கத்தியது கோல்டன் கிரவுண்ட் கிங்லெட் என்ற குட்டிப் பறவை. அதன் 'ட்ஸீ ட்ஸீ ட்ஸீ' ஊசி மாதிரி மெல்லிசு, 8,000 ஹெர்ட்ஸை ஒட்டிய சத்தம். வயது ஏற ஏற நம் காதை விட்டு முதலில் போவது இந்த மாதிரி உச்ச சுருதி ஒலிகள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் என்னைப் போன்றவர்கள் கண்ணைத்தான் நம்ப வேண்டும், அதற்கு ஒரு வழி இருக்கிறது: சிக்கடீ என்ற சின்னப் பறவைகளின் கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேயே அசையாமல் நில்லுங்கள். குளிர்காலத்தில் கிங்லெட் பெரும்பாலும் அவற்றோடு சேர்ந்துதான் இரை தேடும். சிக்கடீ கிளையில் தொங்கும். கிங்லெட் ஒரு இடத்தில் நிற்காது, சிறகை வெடுக் வெடுக்கென்று அடித்துக்கொண்டு ஊசியிலை நுனியில் அந்தரத்தில் ஒரு நொடி நின்று எதையோ கொத்தும், பனித்தூள் உதிரும். அந்த உதிர்வைப் பார்த்துத்தான் நான் முதல் பறவையைக் கண்டுபிடித்தேன்.

அப்புறம் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, உச்சியில் இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே மஞ்சள். இதன் சொந்தக்காரப் பறவையான ரூபி கிரவுண்ட் கிங்லெட்டுக்கு அந்தக் கோடுகள் இல்லை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்தான். அது பெரும்பாலும் குளிருக்கு முன்பே தெற்கே போய்விடும்.

ஒரு டொலர் நாணயத்தின் கனம்கூட வராத உடம்பு, சுமார் 6 கிராம். பகல் முழுக்க கிளைகளில் ஒட்டியிருக்கும் சின்னப் புழுக்களையும் பூச்சி முட்டைகளையும் தின்று, இரவில் இரண்டு மூன்றாக ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டு மைனஸ் 40ஐக்கூட தாண்டுகிறது. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று பூங்காவில், தாழ்ந்த கிளையில் இன்னொரு கிங்லெட் வந்து உட்கார, முதலாவது தலையைக் குனிந்து உச்சி இறகை விரித்தது. மஞ்சளுக்குள்ளே நெருப்புத் துண்டு போல ஆரஞ்சு! ஆண் பறவைக்கு மட்டும் உள்ளது அது. மகள் என் கையுறையை இறுக்கிப் பிடித்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் எந்த மரம் என்று கைகாட்டுவாள், நான் பனி உதிரும் கிளையைத் தேடுவேன்.