மழைக் கொப்பிச் செயலி: எட்டரை மணி எல்லை ஒருவழியாகச் சரிவந்தது

மாமாவின் மழைக் கொப்பிகளைத் தேடிப் பார்க்க நான் எழுதும் வலைச்செயலியில் 1996 மே 24 செய்த குழப்பத்தைப் பிடித்துவிட்டேன். "24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. அல்லது அதற்கு மேல்" என்று வடிகட்டும்போதெல்லாம் அந்தத் தேதி பட்டியலில் வந்து நிற்கும். மாமாவின் கொப்பியைப் புரட்டினால் அன்றைய அளவும் மறுநாள் அளவும் தனித்தனியே 50-ஐக்கூடத் தொடவில்லை. இரண்டையும் கூட்டினால்தான் 75 தாண்டும். இன்னொரு பக்கம் 2006 ஏப்ரல் 14 வெறுமையாக இருக்கும். அது வருடப்பிறப்பு நாள், மாமா அளக்காமல் விட்டிருப்பார் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் கொப்பியில் அன்றைக்கும் ஒழுங்காக ஓர் அளவு இருக்கிறது. ஒரு நாள் இரட்டிப்பு, பத்து வருடம் கழித்து ஒரு நாள் மாயம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று தெரிந்ததும் வந்த சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: மாமா தோட்டத்து ஆபீசில் வேலை செய்த காலம் முழுவதும் மழைமானி அளவைத் தினமும் கொப்பியில் எழுதி வைத்தவர். எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம். ஆண்டுக்கு 5000 மி.மீ. தாண்டிப் பெய்யும் வட்டாரம். அந்தக் கொப்பிகளையும், இப்போது எங்கள் வீட்டுக் கூரையில் இருக்கும் தட்டுவாளி மழைமானி (சிறு வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தட்டையும் எண்ணும் கருவி) அனுப்பும் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் போட்டு, யாரும் தேடிப் பார்க்கும்படி ஒரு வலைச்செயலி செய்துகொண்டிருக்கிறேன். ஜாவா மொழி, அதற்கான ஸ்பிரிங் பூட், ஹைபர்னேட் கருவிகள், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். வழக்கமான கூட்டணிதான்.

வடிகட்டுவதில் 75, 100, 150 என்ற எண்கள்தான் முக்கியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் படிகள் அவை: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னாலேயே மேடு இருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் எண் விளையாட்டு இல்லை. அதனால்தான் ஒரு நாள் தவறி விழுந்தாலும் எனக்கு விடமுடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30-க்கு அளக்கிறது. தோட்டங்களிலும் அதே வழக்கம். ஆகவே வடிகட்டி ஒரு நாளைக் கேட்கும்போது எட்டரையிலிருந்து எட்டரை வரை பார்க்க வேண்டும். நேர எல்லைக்கு எல்லோரும் எழுதுவது இந்த வடிவம்: "நேரம் >= தொடக்கம் மற்றும் நேரம் < முடிவு". தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. அதற்குப் பதில் 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்கும் 'பிட்வீன்' கட்டளையைப் போட்டால் இரண்டு முனையும் உள்ளே வந்துவிடும். சரியாக 8.30 என்று முத்திரை குத்திய பதிவு இரண்டு நாளிலும் எண்ணப்படும். இதுவரை இருந்த வடிகட்டியும் >= மற்றும் < தான். நாளுக்குப் பெயர் தொடக்கத் தேதி. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

குறை நேர வலயத்தில் இருந்தது. கொப்பி அளவுகளை ஏற்றிய நிரல் வலயத்தைப் பெயரால் சொல்கிறது: 'ஆசியா/கொழும்பு'. வடிகட்டியின் எல்லைகளைக் கணக்கிடும் பகுதியோ சேவையகத்தின் இயல்பு வலயத்தை எடுத்துக்கொள்கிறது. வாடகைச் சேவையகத்தில் அது வெறும் +05:30 (உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே) என்று எண்ணாகக் கிடந்தது. இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மின்தட்டுப்பாட்டுக் காலத்தில், 1996 மே 25 அன்று, நாடு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி +6:30-க்குப் போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26-இல் அரை மணித்தியாலம் குறைத்து +6:00. அப்புறம் 2006 ஏப்ரல் 15-இல்தான் மறுபடி +5:30. ஜாவாவின் வலய விதிகளுக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் பதிந்திருக்கின்றன. 'கெட்ரூல்ஸ்', 'கெட்டிரான்சிஷன்ஸ்' என்று கேட்டால் 1942 முதல் 1945 வரை யுத்த காலத்தில் மாற்றியதைக்கூட வரிசையாகத் தருகிறது. அந்தப் பட்டியலில் 1996-05-25 என்ற வரியைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1996 மே 24 காலை 8.30, உலக நேரத்தில் 03:00. மறுநாள் மே 25 காலை 8.30 புதிய கடிகாரத்தில், உலக நேரத்தில் 02:00. நிலையான +05:30 கண்ணாடி வழியே பார்த்தால் அது 7.30 மணி. எட்டரைக்கு முந்தியது. எனவே "24-ஆம் தேதி எட்டரை முதல் 25-ஆம் தேதி எட்டரை வரை" என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டு நாள் அளவும் விழுகிறது. அதுதான் இரட்டிப்பு. அதற்குப் பிறகு +6:00 காலம் முழுக்க எட்டரை அளவு எட்டு மணி என்று தெரியும். ஒவ்வொரு அளவும் ஒரு நாள் முன்னால் நகர்ந்து கிடக்கும், வரிசை கெடாததால் யாருக்கும் தெரியாது. 2006 ஏப்ரல் 14-இன் அளவு 13-க்குப் போகிறது. 15-இன் அளவு 15-இலேயே நிற்கிறது. நடுவில் 14 காலி.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. கடிகாரத்தை மாற்றிய காலத்தில் தோட்டத்தில் எந்த நேரப்படி அளந்தார்கள்? பழைய எட்டரைக்கா, புதிய எட்டரைக்கா? கொப்பியில் எல்லா வரியிலும் "8.30" என்றுதான் இருக்கிறது. மாமாவையே கேட்டேன்.

"ஆபீஸ் கடிகாரம் எட்டரை காட்டுனா போய் அளப்பேன் மருமகனே. கவர்மெண்டு மாத்துனா ஆபீஸ்லயும் மாத்திருவாங்க. வெயிலப் பாத்தா அளக்க முடியும்?"

போதும். சுவர்க் கடிகார நேரம்தான். ஆகவே வலயப் பெயரால் ஏற்றியது சரி, வடிகட்டியும் அதே பெயரைப் பிடிக்க வேண்டும். எல்லை கணக்கிடும் இடத்தில் வலயத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிட்டேன். சேவையகத்தின் இயல்பை இனி எதற்கும் நம்புவதில்லை. மே 24 பட்டியலிலிருந்து போனது, ஏப்ரல் 14 வந்தது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொப்பியையும் தட்டுவாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு பிணக்கு. இப்போதும் மாமா தன் பித்தளை மழைமானியில் அளக்கிறார். ஒரே முற்றம், ஒரே மழை. ஆனாலும் தட்டுவாளிப் பதிவு எப்போதும் ஒரு நாள் முந்தியே நிற்கிறது.

இதுதான் என்னைப் படாதபாடு படுத்திய இடம். தட்டுவாளியின் ஒவ்வொரு தட்டும் அந்தக் கணத்தில் பெய்த மழை. மாமாவின் 8.30 அளவோ அந்தக் கணத்து மழை இல்லை, கடந்த 24 மணித்தியால மழையின் மொத்தம். முத்திரை அளவின் முடிவில் விழுகிறது. 28-ஆம் தேதி இரவு பெய்த மழை கொப்பியில் 29 என்று இருக்கும். தொடக்கம் உள்ளே, தொடக்கத் தேதியே பெயர் என்று வைத்தால் 29 காலை 8.30 அளவு 29-இல் சேரும், பார்ப்பதற்குச் சரி. ஆனால் அந்த மழையின் தட்டுகள் எல்லாம் 28-இல் சேரும். அளவு தன் காலத்தின் இறுதியில் முத்திரை பெறுமானால், இறுதிமுனைதான் உள்ளே இருக்க வேண்டும்: "நேரம் > நேற்றைய எட்டரை மற்றும் நேரம் <= இன்றைய எட்டரை", பெயர் முடிவுத் தேதி. வழக்கமான பாடத்துக்கு நேர் எதிர். ஆனால் மழைக்கு இதுதான் பொருந்துகிறது. மாற்றியதும் கொப்பியும் தட்டுவாளியும் ஒரே தேதியில் ஒத்து நின்றன.

இதை ஏன் இவ்வளவு நேரம் நோண்டினேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. மலை சரிந்து லயங்களை மூடியது காலை 7.30 அளவில். எட்டரை அளவுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. அந்த இரவின் மழை 28 என்ற பெயரில் கிடந்தால், 29-ஐத் தேடுகிறவர் கண்ணில் படாது. மலையகத்து மழைப் பதிவில் சரிவு நடந்த தேதியும் அதற்குக் காரணமான மழையின் தேதியும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

இப்போது ஒவ்வொரு பதிவும் ஏறும்போதே 'மழை நாள்' என்று தனியாக ஒரு தேதிப் பத்தியும் (அட்டவணையின் நெடுவரிசை) எழுதப்படுகிறது. விதி ஒரு வரிதான்: கொழும்பு வலயத்தில் நேரம் 8.30-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த தேதி, இல்லையேல் அதே தேதி. 8.30-ஐத் தொட்டு நிற்பது தாண்டியதாகாது. எல்லை கறாராக இருப்பது, 'இதற்குப் பிந்தியதா' என்று கேட்கும் 'இஸ் ஆஃப்டர்' என்ற ஒரு ஜாவாச் சொல்லில்தான். தேதி மட்டும் உள்ள பத்தியில் 'பிட்வீன்' பயமில்லாமல் போடலாம், இரண்டு முனையும் உள்ளே வருவதுதான் அங்கே வேண்டியது. தேடும்போது பத்தியின் மேல் செயல்கூறு எதுவும் சுற்றாததால் சுட்டியும் (பதிவைச் சட்டென்று தேடித்தரும் அகரவரிசை போன்றது) வேலை செய்கிறது. தேடல் எப்படி நடக்கிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' போட்டுப் பார்த்தேன், முழு அட்டவணையையும் வாசிப்பது நின்றுவிட்டது.

மழை அளவை ஒப்பிடுவதிலும் ஒரு மாற்றம். தட்டுவாளி ஒரு தட்டுக்கு 0.2 மி.மீ. அதை 'டபிள்' எண்ணாக (இரும முறையில் வைக்கும் தசம எண்) கூட்டிக்கொண்டு போனால் முடிவு சரியாக 75 ஆகத்தான் வரும் என்று சொல்ல முடியாது. 0.2-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுதவே முடியாதே. >= 75 என்ற எல்லையில் அது ஆபத்து. தட்டுகளை முழு எண்ணாகவே வைத்து 375, 500, 750 என்று ஒப்பிடுகிறேன். கொப்பி அளவுகளுக்குத் தசமத்தை அப்படியே துல்லியமாக வைக்கும் 'பிக்டெசிமல்'. பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருப்பதால் 2.95 அங்குலம் 74.93 மி.மீ. ஆகிறது. முழு எண்ணாக்கினால் 75 என்று உள்ளே நுழைந்துவிடும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் எதையும் முழு எண்ணாக்குவதில்லை. 'பிக்டெசிமல்' பாவிப்பவர்கள் 'ஈக்குவல்ஸ்' பக்கம் போகாதீர்கள், அதற்கு 25.4-உம் 25.40-உம் வேறு வேறு. 'கம்பேர்டூ' தான் சரி.

கொப்பியில் வெற்றாக விட்ட நாட்கள் வெற்றாகவே இருக்கின்றன. "1 மி.மீ.-க்குக் குறைவு" என்று கேட்டால் அவை வராது, வரவும் கூடாது. வெற்றுக்குப் பதில் பூஜ்யம் வைத்தால் அளக்காத நாளெல்லாம் வெயில் நாளாகிவிடும்.

தேடல் பக்கத்தில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, குறைந்த மழை, கூடிய மழை என்று எல்லாமே விருப்பத்துக்கு நிரப்புவது. "மதிப்பு வெற்றாக இருந்தால் அல்லது" என்று ஒரே கேள்வியில் எழுதப் போனால் வெற்று மதிப்பின் வகை தெரியவில்லை என்று போஸ்ட்கிரெஸ் முறைக்கிறது. ஸ்பிரிங் தரும் 'ஸ்பெசிஃபிகேஷன்' வைத்து, நிரப்பிய கட்டத்துக்கு மட்டும் நிபந்தனை சேர்ப்பதுதான் சுத்தம். இதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான்.

தட்டுவாளியின் காந்தச் சுவிட்ச் இப்போதெல்லாம் சில நேரம் இரட்டைத் தட்டு கொடுக்கிறது. கொழும்பு போகும்போது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நல்ல கண்ணாடிக்குழல் சுவிட்ச் இரண்டு வாங்க வேண்டும். ஹட்டனில் கிடைப்பது தொலைபேசி உதிரிப்பாகங்கள்தான். வேறு யாராவது போனால் எனக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள், காசு தருகிறேன். இப்போதைக்கு நெருக்கமான இரண்டு தட்டுகளில் பின்னதைத் தள்ளிவிடும் நிபந்தனை ஒன்று போட்டிருக்கிறேன். எவ்வளவு நெருக்கம் என்பதைப் பெருமழையன்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அடுத்து உருளும் 24 மணித்தியாலம். எச்சரிக்கை அளவுகள் எட்டரைக்கு எட்டரை என்று சொல்வதில்லை, எந்த 24 மணித்தியாலமும்தான். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை கொட்டும் மழையை எட்டரை எல்லை இரண்டாக வெட்டிவிடும், இரண்டு நாளும் 75-க்குக் கீழே நிற்கும். போஸ்ட்கிரெஸ் 11-ஆம் பதிப்பிலிருந்து சாளரச் செயல்கூற்றில் (ஒவ்வொரு பதிவோடும் அதன் அக்கம்பக்கப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிடுவது) 'ரேஞ்ச்' வைத்து "முந்தைய 24 மணித்தியாலம்" என்று நேரடியாகக் கேட்கலாம். தட்டுவாளிப் பதிவில் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். கொப்பிக் காலத்துக்கு அது முடியாது, நாளுக்கு ஓர் அளவுதான் இருக்கிறது.

பண்டாரவளைப் பக்கத்து நண்பர் ஒருவரும் தன் தகப்பனாரின் கொப்பிகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை, அவர்களுக்குப் பெருமழை வருட முடிவில். இரண்டையும் ஒரே தேடலில் போட இடம் என்ற பத்தியும் வேண்டும். ஆனால் அவர் கொப்பியில் நேரம் எழுதப்படவே இல்லையாம், தேதி மட்டும்தான். அது அளந்த தேதியா, மழை பெய்த தேதியா என்று தகப்பனாரிடம் கேட்டுச் சொல்லும்படி சொல்லியிருக்கிறேன். பதில் வரும் வரை அந்தக் கொப்பிகளை ஏற்றப்போவதில்லை.