மதுரையில இனிப்பு சாப்பிடணும்னா நேரம் பாத்துப் போங்க

மதுரைக்கு வர்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேக்குற மொத கேள்வியே ஊருக்குப் போறப்ப என்ன ஸ்வீட்டு வாங்கிட்டுப் போகலாம்ங்கறதுதான். வாங்கிட்டுப் போறத அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல நீங்க இங்கயே நின்னு சாப்பிடுங்க. எங்க ஊரு இனிப்புல முக்காவாசி பார்சலுக்கு ஆகாது. ஒண்ணு சூடா இருக்கணும், இன்னொண்ணு ஜில்லுனு இருக்கணும், இன்னொண்ணு பொழுது சாஞ்சாதான் வண்டியே வரும், நேரம் தப்பிருச்சுன்னா ருசியும் போச்சு. அதனால கடை பேரா அடுக்காம எப்ப எங்க போய் நிக்கணும்னு சொல்றேன்.

ட்ரெயின்ல வந்து எறங்குறவங்களுக்கு ரொம்ப ஈஸி. ஜங்ஷன விட்டு வெளிய வந்தா பக்கத்துலயே பிரேமா விலாஸ். அங்க போயி கிலோ கணக்குல எல்லாம் கேக்காதீங்க, நூறு கிராம் அல்வா மட்டும் கேளுங்க. சூடா, அப்பிடியே சட்டியில இருந்து எடுத்து எலையில வச்சுக் குடுப்பாங்க. கையில வாங்குனதும் சூடு எலைய தாண்டி உள்ளங்கைக்கு வரும், ஓரத்துல நெய் கசிஞ்சு எலையில ஓடும், வெரலால எடுத்தா வழுக்கிட்டுப் போகும், வாயில போட்டா மெல்லவே வேணாம். சம்பா கோதுமைய ஊறப்போட்டு ஆட்டி, பாலெடுத்து, அத மணிக்கணக்கா கிண்டுனாதான் அந்தப் பதம் வரும். இதே அல்வாவ டப்பாவுல அடைச்சு ராத்திரி பஸ்ஸுல கொண்டுபோயி மறுநாள் தொறந்தீங்கன்னா கெட்டியாகி வேற ஒரு பலகாரமா இருக்கும். அதுவும் நல்லாதான் இருக்கும், இல்லேங்கல, ஆனா நான் சொல்றது அது கெடையாது. அல்வா சாப்பிட்ட கையோட கொஞ்சம் மிக்சரோ காராச்சேவோ வாங்கிக்கங்க. இனிப்பு தெகட்டுற நேரத்துல ஒரு வாய் காரம், திரும்ப ஒரு வாய் அல்வா, இப்பிடித்தான் இங்க ஆளுங்க சாப்பிடுவாங்க.

அடுத்து ஜிகர்தண்டா, அத சொல்லலேன்னா யாரும் விடமாட்டீங்க. மத்தியானம் வெயில் மண்டையப் பொளக்குற நேரம்தான் இதுக்கு சரியான நேரம். கீழமாரட் வீதி வெளக்குத்தூண் பக்கம் 1977-ல இருந்து இருக்கற ஃபேமஸ் ஜிகர்தண்டாவுக்குத்தான் வெளியூர்க்காரங்க அதிகம் வருவாங்க, நானும் அங்கதான் கூட்டிட்டுப் போவேன். இப்ப இந்தப் பேர்ல எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கடை இருக்கு, எசென்ஸ ஊத்தி ஐஸ்கட்டிய அள்ளிப் போட்டு குடுக்குறாங்க, அதக் குடிச்சிட்டு "ஜிகர்தண்டான்னா இவ்ளோதானா"ன்னு யாராச்சும் சொன்னா எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும். நல்ல ஜிகர்தண்டாவுல உசுரே பால்தான். தண்ணி சேக்காம, அடி பிடிக்காம கிண்டிக் கிண்டி, நெறம் லேசா பழுப்பா மாறுற வரைக்கும் சுண்டக் காய்ச்சணும். போடுறப்ப கவனிச்சுப் பாருங்க, கிளாஸ்ல மொதல்ல கடல்பாசி, அதுக்கு மேல நன்னாரி சர்பத், அப்பறம் அந்த சுண்டுன பாலு, மேல அவங்களே போடுற ஐஸ்கிரீம். ஸ்பெஷல்னு கேட்டா பாசுந்தியோ பால்கோவாவோ கூட ஒரு கரண்டி விழும். வாங்குன ஒடனே கலக்கிராதீங்க. மொதல்ல மேல இருக்கறத ஸ்பூனால எடுத்துச் சாப்பிட்டுட்டு, பாதிக்கு மேல கலக்குனீங்கன்னா அடியில இருக்கற நன்னாரி வாசம் அப்பத்தான் ஏறி வரும். கடல்பாசிக்குப் பதிலா பாதாம் பிசின் போடுற கடைங்களும் நெறைய இருக்கு, எனக்கு கடல்பாசிதான் புடிக்கும்.

நிக்கறப்பவே அந்த வெளக்குத்தூணையும் ஒரு பார்வ பாத்துருங்க. கோட்டைச் சுவர இடிச்சு ஊர விரிவாக்குன பிளாக்பர்ன் கலெக்டரோட ஞாபகமா வச்ச தூண் அது. கோட்டை இருந்த எடம்தான் இன்னைக்கு வெளி வீதியும் மாரட் வீதியும், ஜிகர்தண்டா குடிக்கறவங்க அந்தப் பழைய கோட்டை எல்லையிலதான் நின்னு குடிக்கறாங்க.

இப்ப என் மனசுக்கு ரொம்பப் பக்கமான ஒண்ணு, பருத்திப்பால். இத தேடி வர்ற வெளியூர் ஆளுங்க கம்மி, அதான் எனக்கு வருத்தமே. பருத்திக்கொட்டைய ராத்திரியே ஊறவச்சு, அரைச்சு, துணியில வடிகட்டிப் பாலெடுத்து, அதோட கொஞ்சம் அரிசி மாவு, வெல்லமோ கருப்பட்டியோ, சுக்கு, ஏலக்கா எல்லாம் போட்டுக் காய்ச்சுறது. தேங்காப்பூவும் உண்டு. சுத்துவட்டாரத்துல நெறைய கரிசக்காடு, பருத்தி வெளஞ்ச பூமி, ஊருக்குள்ள ஹார்வி பஞ்சு மில்லு 1892-லயே வந்துருச்சு, அப்பிடி இருக்கற ஊருல பருத்திக்கொட்டைய மாட்டுக்கு மட்டும் போட்டுட்டு சும்மா இருப்பாங்களா! சாயங்காலம் வெயில் எறங்குனதும் சிம்மக்கல், கீழவாசல் பக்கம் தள்ளுவண்டியில பெரிய பாத்திரத்தோட நிப்பாங்க. "அண்ணே, சுக்கு கொஞ்சம் தூக்கலா"ன்னு சொல்லுங்க, மேல ஒரு சிட்டிகை தூவிக் குடுப்பாரு. மொத மடக்குல இனிப்பு தெரியும், அது தொண்டைய தாண்டுனதும் சுக்கு சுள்ளுனு ஏறும், நடுநடுவுல தேங்காப்பூ பல்லுல தட்டுப்படும். மழை பெஞ்ச சாயங்காலம் இது கெடைச்சா எனக்கு ராத்திரி சாப்பாடே வேணாம்.

அதே நேரத்துல தெருமுக்குல பணியாரக் கடையும் ஆரம்பிச்சிருக்கும். இதுக்கெல்லாம் பேரு கெடையாது, போர்டு கெடையாது, ஒரு அக்கா, ஒரு அடுப்பு, குழி குழியா ஒரு கல்லு, அவ்ளோதான். கருப்பட்டிப் பணியாரம் கேளுங்க. கம்பியால குத்தித் திருப்புறப்ப அடிப்பக்கம் கருப்பட்டி லேசா கருகி ஒரு வாசம் வரும் பாருங்க, அந்த ஓரம்தான் ருசியே. ஆப்பம் போடுற எடமா இருந்தா சீனி போட்ட தேங்காப்பாலு ஊத்தித் தருவாங்க, ஆப்பம் நல்லா ஊறுறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுருங்க.

சித்திரைத் திருவிழா சமயத்துல வந்தீங்கன்னா இன்னொரு இனிப்பு இருக்கு, அத காசு குடுத்து வாங்க முடியாது. அழகர் வர்ற வழியில செம்புல நாட்டுச்சக்கரைய நெரப்பி, செம்போட வாயில வாழையெலைய வச்சு, அதுமேல சூடம் ஏத்தி சாமிக்குக் காட்டுவாங்க. காட்டி முடிச்சதும் பக்கத்துல யாரு நின்னாலும், தெரிஞ்சவங்களோ தெரியாதவங்களோ, கையில ஒரு அள்ளு போடுவாங்க. சூடம் வாசத்தோட இருக்கற அந்தச் சக்கரைய தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லிராதீங்க. அங்கங்க பானகமும் நீர்மோரும் வேற குடுத்துட்டே இருப்பாங்க.

சரி, வீட்டுக்கு என்னதான் கொண்டு போறதுன்னு கேப்பீங்க. கோயில் பக்கம் நாகப்பட்டினம் நெய் மிட்டாய் கடையில வாங்கிக்கலாம், கீழமாசி வீதியில கருப்பட்டி, பனங்கற்கண்டு வாங்கிக்கலாம், ரெண்டும் தாங்கும். ஜிலேபி மாதிரி பாகுல ஊறுன சீரணி மிட்டாய் எங்கயாச்சும் கண்ணுல பட்டா அதையும் எடுத்துக்கங்க, ரெண்டு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. பால்கோவாவுக்கு மட்டும் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் அனுப்புவேன், 2019-ல புவிசார் குறியீடு வாங்குன ஊரு, குத்தாலம் போறவங்களுக்கு வழியிலயேதான் இருக்கு.

பஸ்ஸுல வர்றவங்க பெரும்பாலும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எறங்குவீங்க, அங்க சுத்திட்டு இருக்காதீங்க, பெரியார் பஸ் ஸ்டாண்டு போற டவுன் பஸ்ஸு ஏறி உள்ள வந்துருங்க. காலையில டிபன கம்மியா முடிச்சிக்கங்க. அப்பறம் எல்லா எடத்துக்கும் நடந்தே போங்க, வெளி வீதி, மாரட் வீதி, மாசி வீதின்னு எல்லாம் கோயிலச் சுத்தித்தான் இருக்கு, ஆட்டோ வேணாம்.