வராமல் போன சளி மாதிரிகள்

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மற்ற சளி மாதிரிகளைப் பெரும்பாலும் இரண்டு நாளில் பார்த்து முடித்துவிடலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோய் உள்ளவரின் சளி அப்படியல்ல. பசைபோல் ஒட்டும், முதலில் மருந்து விட்டு இளக்க வேண்டும். பர்க்ஹோல்டேரியா என்ற கிருமியை வளர்த்துப் பார்க்கவென்றே தனித் தட்டு, அதற்கு ஐந்து நாள் காத்திருப்பு. அது வளர்ந்தால் ரிப்போர்ட் போவதற்கு முன் போன் போகும். 1980, 90களில் நோயாளிகளுக்காக நடத்திய கோடை முகாம்களிலேயே அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியது. அதனால் ஒரே நோய் உள்ள இருவரை கிளினிக்கில்கூட சந்திக்க விடுவதில்லை.

அதிகம் பார்ப்பது சூடோமோனாஸ் என்ற கிருமியைத்தான். தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி. மூடியைத் திறந்தாலே திராட்சை வாசனை வந்துவிடும், என்ன செய்ய? புதிதாக வந்த சூடோமோனாஸை ஆன்டிபயாடிக்கால் பெரும்பாலும் துரத்திவிடலாம். கெட்டிச் சளிக்குள் வருடக்கணக்கில் தங்கிவிட்டால் கதை வேறு. ஆல்ஜினேட் என்ற வழவழப்பைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒரே சளியில் பச்சையாக ஒன்று, நிறமே இல்லாமல் ஒன்று, கொழகொழவென்று ஒன்று என்று வளரும். எல்லாம் ஒரே கிருமி. ஒன்று மருந்துக்குப் பணியும், பக்கத்தில் இருப்பது பணியாது. இதில் எதை ரிப்போர்ட்டில் எழுதுவது? நாங்கள் 'பணியும்' என்று எழுதிய மருந்து நோயாளிக்குக் கேட்காமல் போவதும், 'பணியாது' என்றது கேட்பதும் இந்த நோயில் சகஜம். அனுபவமுள்ள டாக்டர்கள் எங்கள் தாளைவிட, போன தடவை எந்த மருந்து கேட்டது என்பதைத்தான் நம்புகிறார்கள். சரிதான் என்பேன்.

2020இல் கஃப்ட்ரியோ மாத்திரை வந்தது. இந்த நோய்க்குக் காரணமான, பழுதான சிஎஃப்டிஆர் புரதத்தையே ஓரளவு வேலை செய்ய வைக்கும் மருந்து. எல்லா மரபணுக் கோளாறுக்கும் கேட்காது. கேட்டவர்களில் பலருக்குச் சளியே வருவதில்லை. வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய பெயர்கள் எங்கள் மேசையிலிருந்து காணாமல் போயின. இப்படி ஒரு சந்தோஷம் ஆய்வகத்தில் அபூர்வம்.

அப்புறம் சளிக்குப் பதிலாக, இருமவைத்துத் தொண்டையில் தடவிய பஞ்சுக்குச்சிகள் வரத் தொடங்கின. பலவற்றில் ஒன்றும் வளரவில்லை. ஆனால் குச்சி நுரையீரல் வரை போவதில்லை. மாத்திரைக்குப் பிறகும் பலருக்குப் பழைய சூடோமோனாஸ் எண்ணிக்கை குறைந்து உள்ளேயே இருக்கிறது. சூடோமோனாஸுக்காக ஆவியாக உள்ளிழுக்கும் ஆன்டிபயாடிக் ஒன்று உண்டு; "நெபுலைசர் டோப்ராமைசினை நிறுத்திவிடலாமா?" என்று அதைப் பற்றிக் கிளினிக்கிலிருந்து கேட்கிறார்கள். குச்சியை வைத்துச் சொல்ல முடியாது, அடர் உப்புநீர் ஆவி கொடுத்துச் சளி வரவழைத்து அனுப்புங்கள் என்கிறோம்.