கத்தியில் பூத்த கிராம்பு

மார்ச் 14, தோக்கியோ

இகெபனா என்ற ஜப்பானியப் பூ அலங்கார வகுப்பில் இன்று விரலைக் குத்திக்கொண்டேன். பூத்தண்டை நிறுத்திவைக்க, ஊசிகள் நெருக்கமாக நிற்கும் கனத்த உலோகக் கட்டை ஒன்றைத் தட்டின் அடியில் வைப்பார்கள். ஆறு மாதமாக அதைக் 'கென்ஸான்' என்று சொல்லிவருகிறேன். எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன். கென் என்றால் வாள், ஸான் என்றால் மலை. பூவைத் தாங்கும் பொருளுக்கு வாள்மலை என்று பெயர்! வியந்துபோய் ஆசிரியையிடம் சொன்னேன். "முதலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

மார்ச் 17

ர்யோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கமகுரா காலத்தில் (12–14ஆம் நூற்றாண்டு) பிஸென் என்ற பகுதியில் செய்த வாள் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நின்றேன் என்பதைவிடக் குனிந்தேன் என்பதே சரி. விளக்கொளி அலகில் சாய்ந்து விழும் கோணத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால்தான் கூர்ப்பக்கத்தை ஒட்டி ஓடும் வெண்ணிற அலை தெரிகிறது. அதற்குச் 'சோஜி' என்று பெயர். அதாவது கிராம்பு. மொட்டுகளை வரிசையாக நிறுத்தியது போலவே இருக்கிறது.

செதுக்கியதோ வரைந்ததோ அல்ல. கொல்லர் அலகின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். மெல்லிய பூச்சுள்ள இடம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். தடித்த பூச்சுள்ள இடம் மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கும். இரண்டுக்கும் இடையிலான எல்லைதான் அந்த அலை. கூர்ப்பக்கத்தின் குறுக்கே மண்ணைக் கீற்றுகளாக இழுத்தால் கிராம்பு பூக்கும். அந்தக் கீற்றுகளின் கீழே எஃகு சற்று மென்மையாக இருப்பதால், விளிம்பு உடைந்தாலும் உடைசல் அங்கேயே நின்றுவிடும் என்கிறார்கள். பூ வெறும் அலங்காரம் அல்ல.

துருப்பிடிக்காமல் அலகில் தடவும் எண்ணெய்க்கும் சோஜி எண்ணெய் என்றே பெயர். எங்கள் வீட்டில் பிரியாணிக்கும் பல்வலிக்கும் மட்டுமே எட்டிப்பார்த்த கிராம்பு!

மார்ச் 18

பக்கத்து வீட்டு வாசலில் கமேலியா முழுப்பூவாக விழுந்துகிடந்தது. தலை உருள்வது போல விழுவதால் சாமுராய்கள் இந்தப் பூவை வெறுத்தார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நாட்டை ஆண்ட படைத்தலைவரான இரண்டாம் தோகுகாவா ஷோகுன் ஹிதெதாதாவே கமேலியாப் பித்தர்.

மார்ச் 24

யசுகுனி ஆலயம். தோக்கியோவில் சகுரா (செர்ரி) பூத்துவிட்டது என்று வானிலைத் துறை அறிவிப்பது இங்குள்ள ஒரு மரத்தைப் பார்த்துத்தான். ஐந்தாறு பூக்கள் விரிந்திருக்க வேண்டும். போரில் இறந்தவர்களைத் தெய்வங்களாக வணங்கும் இடத்தில் அந்த மரம் நிற்பது உறுத்தியது.

18ஆம் நூற்றாண்டில் மோதோஓரி நோரிநாகா என்ற அறிஞர், யாமாதோ (ஜப்பானின் பழம்பெயர்) நெஞ்சம் எதுவென்று கேட்டால் காலை வெயிலில் ஒளிரும் மலைச் சகுரா என்று பாடினார். அதில் உதிர்தலும் இல்லை, வாளும் இல்லை. 1944 அக்டோபரில் ஜப்பானின் முதல் தற்கொலை விமானப் படைப்பிரிவுகளுக்கு அந்தப் பாட்டின் சொற்களையே பெயராக வைத்தார்கள். மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்தை வைத்து, உள்ளே ஓர் இளைஞனையும் உட்காரவைத்த ராக்கெட் விமானத்துக்கு 'ஓகா', சகுரா மலர், என்று பெயர். பாட்டை இதைவிட மோசமாகத் திருட முடியாது.

நோரிநாகாவின் மலைச் சகுரா விதையில் முளைப்பது. மரத்துக்கு மரம் பூக்கும் நாள் வேறு. ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுகிற சோமெய் யோஷினோ என்ற சகுரா வகையோ ஒட்டுப்போட்டே பெருக்கிய ஒரே மரம். அது நாடெங்கும் பரவியது மெய்ஜி காலத்தில் (1868–1912). 1876இல் சாமுராய்கள் வாளைக் கழற்றிவைக்க வேண்டிவந்ததும் அதே காலத்தில்தான்.

நான் எண்ணியபோது நான்கு பூக்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, மூன்றுதான் என்றார். நான்காவது இன்னும் மொட்டாம்.