மாட்டு டாக்டர், மாவட்டக் கவுன்சிலர், என் அப்பா

அப்பா நாமக்கல் பக்கம் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2006 உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் ஆனார், 2011 இல் மாவட்டக் கவுன்சிலர். ஊருக்கு மட்டும் கடைசிவரை அவர் மாட்டு டாக்டர்தான். அவருடைய அரசியல் எதை நம்பி நின்றது என்பது, சிங்கப்பூர் வந்து ஈசூனில் குடியேறிய பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

கன்று போட்ட ஓரிரு நாளில் நல்ல கறவை மாடு திடீரென்று படுத்துவிடும். கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டு, கண் சொருகிக் கிடக்கும். பால் காய்ச்சல். பால் இறங்குகிற வேகத்தில் ரத்தத்தில் இருக்கும் கால்சியம் மளமளவென்று குறைந்துபோவதால் வருவது. அப்பா கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றுவார். வேகமாக விட்டால் இதயமே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மாடு ஏப்பம் விடும், சாணி போடும், அப்புறம் தள்ளாடி எழுந்து நிற்கும். வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் எழுந்த மாடு ஒரு நாளுக்குள் மறுபடி படுப்பதும் உண்டு. அதனால் மறுநாள் விடியற்காலை, யாரும் கூப்பிடாமலேயே, அப்பாவின் வண்டி அந்தத் தொழுவத்து வாசலில் நிற்கும். கட்சிச் சின்னத்தில்தான் நின்றார், சரி. ஆனால் அவருக்கு விழுந்த ஓட்டில் பாதி அந்த இரண்டாவது வருகைக்கு விழுந்தது என்றே நினைக்கிறேன்.

ஒன்றிய வார்டு என்பது ஏறக்குறைய 5,000 பேர். மாவட்ட வார்டு என்றால் 50,000. முதலாவதில் சைக்கிள் தூரத்தில் எல்லாரையும் பார்த்துவிடலாம். இரண்டாவதில் முடியாது. கிராமத்தில் நான்கு ஓட்டுப் போடுவார்கள், அதில் மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள் சீட்டைப் பார்த்து ‘இது யாருக்கு?’ என்று கேட்பவர்களே அதிகம். அந்தப் பதவிக்குப் பெரிய அதிகாரமும் கிடையாது. அப்பா மருந்தக நோட்டு மாதிரியே ஒரு நோட்டுப் போட்டார். தேதி, ஊர், என்ன குறை, யாரிடம் சொன்னது, கடைசிப் பத்தியில் ‘மறுபடி பார்த்தது’. மேல்நிலைத் தொட்டி மோட்டார், சுடுகாட்டுப் பாதை, கோமாரி தடுப்பூசி வராத ஊர் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசிப் பத்தி காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. 2016 இல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். மக்கள் என்னவோ எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இங்கே வந்ததும் நான் தேடியது கவுன்சிலரைத்தான். அப்படி ஒருவர் இல்லை. 1957 இல் சிங்கப்பூர் நகர மன்றத்துக்குத் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் மேயராக இருந்திருக்கிறார், ஆனால் 1959 இல் அந்த மன்றம் அரசுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இப்போது ஐந்து வட்டாரங்களுக்கு மேயர்கள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்து நியமிக்கப்படுகிறவர்கள், தனியாக மேயர் தேர்தல் கிடையாது. 1988 சட்டப்படி வந்த, டவுன் கவுன்சில் எனப்படும் வேறு வகை நகர மன்றங்களை அந்தந்தத் தொகுதி எம்பிக்களே நடத்துகிறார்கள். லிஃப்ட், நடைபாதை விளக்கு, குப்பை எல்லாம் அவர்கள் பொறுப்பு. குறை சொல்ல வாராவாரம் மக்கள் சந்திப்பு. 1955 இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த பழக்கம்.

எங்கள் சமையலறைக் கூரையில் மஞ்சளாக ஒரு கறை படர்ந்து, சுண்ணாம்பு உரிந்து அடுப்பில் விழ ஆரம்பித்தபோது நானும் போனேன். மேல் வீட்டில் ஒரு சீனப் பாட்டி தனியாக இருந்தார், கதவைத் திறக்கவே பயப்பட்டார். புளோக்குக் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் எண் சீட்டோடு காத்திருந்து, ஒரு தொண்டூழியரிடம் எல்லாம் சொன்னேன். கடிதம் தயாரானது, எம்பி படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். இத்தனை ஒழுங்காக ஒரு குறையைக் கேட்பார்களா என்று எனக்கு நிஜமாகவே வியப்பு.

அப்போது இங்கே வந்திருந்த அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “லெட்டர் போயிருச்சு, சரி கண்ணு. யாராச்சும் வந்து பாத்தாங்களா?”

வந்தார்கள். கடிதம் எழுதிய அந்தத் தமிழ் அண்ணனே, ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசுகிற இன்னொரு தொண்டூழியரைக் கூட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினார். பாட்டிக்குப் பயம் கசிவைப் பற்றி இல்லை, செலவைப் பற்றி. வீவக, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தன் உதவித் திட்டத்தில் பாதிச் செலவை ஏற்கும், மீதியை இரண்டு வீடும் பகிர்ந்துகொள்ளும் என்று உட்கார்ந்து விளக்கினார்கள். பழுதுபார்த்து முடிந்த பிறகும் அண்ணன் ஒரு மாலை வந்து கூரையைத் தடவிப் பார்த்தார். ஈரம் மறுபடி வரலாமாம். அப்பா அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, எந்த ஊர், என்ன வேலை என்று வெகுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த மேசையில் நானும் கடிதம் எழுதுகிறேன். வேலை அனுமதிச் சிக்கல், பள்ளி இடம், வாடகை பாக்கி என்று வருகிறார்கள். 2024 செப்டம்பரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்தபோது அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன், ஒரு வீட்டுக்கு இரண்டு என்றதும் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். புதிதாக வந்த நம்மவர்கள் பலர் குடியுரிமை இல்லாததால் அங்கே வரத் தயங்குகிறார்கள். வரலாம். அடையாள அட்டையும் சம்பந்தப்பட்ட கடிதங்களும் கையில் இருக்கட்டும். கேட்டது நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் உங்கள் தொலைபேசி எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். என் நோட்டிலும் ஒரு கடைசிப் பத்தி இருக்கிறது, அதை நிரப்ப நான் கூப்பிடுவேன்.